வள்ளி மறுக்கும் நேரம்

ஆர்மோனியக்காரர் பெட்டியைத் திறக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. மேடைக்கு முன்னால் மூடுபனி இறங்கியிருந்தது. போடிமெட்டை ஒட்டிய ஒரு ஏலத்தோட்டத்தின் கோயில் திருவிழா, பங்குனி மாதக் கடைசி. காய் எடுப்பு முடிந்துவிட்ட காலம் என்பதால் ஜனங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருந்தது. பெண்கள் சாக்கை விரித்து, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் என் அப்பத்தாவும் ஒருத்தி. அவள் மடியில் பாதி, சாக்கில் பாதியாக நான். பதினோரு வயது. நாடகம் 'வள்ளி திருமணம்'.

பபூன் வந்தார், போனார். டான்ஸ் வந்தது, போனது. நடுராத்திரிக்குப் பிறகுதான் வள்ளியே மேடைக்கு வந்தாள். எனக்குத் தூக்கம் சொக்கியது. "அப்பத்தா, கல்யாணம் எப்ப நடக்கும்?" என்று கேட்டேன். "அது விடியப்போறப்ப நடக்கும்டா. கல்யாணம் பாக்கவா வந்திருக்கோம்? அவ வாயக் கேக்கத்தான வந்திருக்கோம்" என்றாள்.

இசை நாடகங்களை மக்கள் ஏன் விரும்புகிறார்கள் என்ற கேள்விக்கு நான் பிறகு படித்த பதில்கள் எதுவும் இந்தப் பதில் அளவுக்கு எனக்கு உதவவில்லை.

பெங்களூரில் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தது. பிடித்த மியூசிக்கல் எது? ஒருவர் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்றார். இன்னொருவர் 'லா லா லேண்ட்'. டில்லிப் பையன் ஒருவன் 'ஹாமில்டன்' பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்தான். நான் 'வள்ளி திருமணம்' என்றேன். 'அது எந்தத் தளத்தில் ஓடுது?' என்றார்கள். தளத்தில் இல்லை, தரையில் ஓடுகிறது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. மொழிபெயர்த்தால் சப்பென்று போய்விடும்.

மேற்கத்திய மியூசிக்கலைப் பற்றி ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் கிடைக்கும். பாத்திரத்துக்கு உணர்ச்சி கூடும்போது பேச்சு போதாமல் போகிறது, அப்போது பாடுகிறது. பாட்டும் போதாவிட்டால் ஆடுகிறது. 1943-ல் ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் 'ஓக்லஹோமா!'வை மேடையேற்றியதிலிருந்து இதுதான் ஏறக்குறைய இலக்கணம். பாட்டு என்பது மனசின் வழிசல். ஆள் தனியாக நின்று உள்ளே இருப்பதைப் பாடுவார், நாம் ஒட்டுக்கேட்கிறோம். அதனால் அந்த ஆளோடு நமக்கு நெருக்கம் வந்துவிடுகிறது. நல்ல விளக்கம்தான். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' மரியாவுக்கு அப்படியே பொருந்தும். வள்ளிக்குப் பொருந்தாது.

வள்ளி வழிவதில்லை. அவள் பாடுவதற்குக் காரணம், எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார் என்பதுதான். நாரதர் தினைப்புனத்துக்கு வந்து, வயசு வந்த பெண் இப்படிக் காட்டில் தனியாகக் குருவி விரட்டிக்கொண்டு இருக்கலாமா என்று ஆரம்பிப்பார். அவள் ஒரு விருத்தத்தில் பதில் சொல்லுவாள். அவர் அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து மறுகேள்வி போடுவார். கல்யாணம் அவசியமா? ஏற்கெனவே தெய்வானை இருக்கும் இடத்துக்கு நான் ஏன் போகணும்? ஆண் உயர்த்தியா, பெண் உயர்த்தியா? இப்படியே ஒரு மணி நேரம், சில ஊர்களில் இரண்டு மணி நேரம். இதற்குத் தர்க்கம் என்றே பெயர். நாரதர் போனதும் முருகன் வேடன் வேஷத்தில் மானைத் தேடி வருவார். மான் எப்படி இருக்கும் என்று அவர் வர்ணிக்க, அந்த வர்ணனை தன்மேல்தான் என்று தெரிந்துகொண்டு அவள் வெட்ட, அது அடுத்த தர்க்கம். பிறகு கிழவனாக வருவார், தேனும் தினைமாவும் கேட்பார், விக்கல் எடுக்கும், தண்ணீர் கேட்பார். அதுவும் தர்க்கம்தான், ஆனால் அதற்குள் சிரிப்பு ஏறியிருக்கும்.

இந்த நாடகத்தின் மூலப் பிரதி சங்கரதாஸ் சுவாமிகளுடையது. 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-ல் புதுச்சேரியில் இறந்தவர். மதுரையில் 1918-ல் அவர் ஏற்படுத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அவர் எழுதியதைத் தமிழ் நாடகத்தின் தொடக்கம் என்று பாடப்புத்தகம் சொல்லி முடித்துவிடும். மதுரை, திண்டுக்கல், தேனி, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா மேடைகளில் அது இன்றைக்கும் நடிக்கப்படும் பிரதி என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது.

நடிக்கப்படும் விதம்தான் விசேஷம். ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஊர்க்காரர்கள் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி முடிக்கிறார்கள். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, நாரதர் வேறு ஊரிலிருந்து. ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிப்பவர்களும் அப்படியே. பலர் அன்று ராத்திரிதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டே, என்ன சுருதி, எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான். (என் தொழிலில் இரண்டு மென்பொருள்கள் ஒன்றையொன்று பார்க்காமலே பேசிக்கொள்ள ஒரு ஒப்பந்தம் எழுதுவோம். அதை எழுதி முடிக்க எங்களுக்கு ஆறு மாதமும் நாற்பது கூட்டமும் ஆகிறது. சுவாமிகள் நூறு வருடத்துக்கு முன் எழுதி வைத்தது இன்னும் வேலை செய்கிறது.)

ஆக, வள்ளியாக நிற்கும் அந்தப் பெண்ணுக்கு நாரதர் என்ன கேட்கப்போகிறார் என்று உண்மையிலேயே தெரியாது. கதையின் முடிவு கீழே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும், அடுத்த நிமிடம் மேடையில் இருப்பவர்களுக்கே தெரியாது. அப்பத்தா 'வாய்' என்று சொன்னது இதைத்தான். பதில் சொல்லத் தடுமாறினால் முன்வரிசையில் சிரிப்பு வரும். ராகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டால் சாக்குகளிலிருந்து ஒரு சத்தம் எழும். கைத்தட்டல் இல்லை அது. "ம்ம்... அப்படிப் போடு" என்று பெண்கள் தொண்டைக்குள்ளிருந்து போடும் சத்தம். அதை நான் வேறு எந்த அரங்கிலும் கேட்டதில்லை.

அந்தப் பெண்களின் பகல் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாவிட்டால் அந்தச் சத்தம் புரியாது. போடியிலிருந்து விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கி ஏற்றுவார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி மெட்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் ஏலத்தோட்டம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும், ஆனால் காய் உச்சியில் இல்லை, தூரில், மண்ணை ஒட்டிய சரத்தில். உட்கார்ந்து, இலையை விலக்கி, முற்றியதை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். தலைக்கு மேல் இலை சொட்டிக்கொண்டே இருக்கும். அட்டை ஏறும். பின்னால் கங்காணி நிற்பார். அவர் கேட்கும் கேள்விக்கு யாரும் விருத்தத்தில் பதில் சொல்ல முடியாது.

மேடையில் வள்ளியும் வேலைதான் பார்க்கிறாள். இதை விமர்சகர்கள் அவ்வளவாகக் கவனித்ததில்லை. புராணக் காதலி என்பதற்கு முன் அவள் மலைச்சரிவில் பயிர்க்காவல் இருப்பவள். பரண்மேல் நின்று கவண் சுற்றி, ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறாள். அவள் பாடும் முதல் பாட்டே ஒரு வேலைப் பாட்டு. வருகிற ஆண்கள் எல்லோரும் வேலை நேரத்தில் வந்து தொந்தரவு கொடுப்பவர்கள். ஒருவர் தேவலோகத்து முனிவர், ஒருவர் வேடன் வேஷத்தில் கடவுள். மூன்று பேச்சுக்கு ஒருதரம் 'குருவி வந்துவிடும், நகருங்கள்' என்கிற தொனியில் அவள் அவர்களை விலக்குகிறாள். மெட்டுக்கு மேல் சரிவில் உட்கார்ந்து இதைப் பார்ப்பதும், சென்னையில் ஒரு சபாவில் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதும் ஒன்றாக முடியாது.

இந்தப் போட்டிக் குணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு நம் பழைய சினிமா எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. தமிழ்ப் படத்தில் பாட்டு ஏன் இத்தனை என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள், பதிலும் சொல்லிவிட்டார்கள்: நாடக மேடையிலிருந்து வந்தது. சரி. ஆனால் மேடையிலிருந்து பாட்டு மட்டும் வரவில்லை, எதிர்ப்பாட்டும் வந்தது. 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஜனங்கள் இன்றும் மறக்காத பகுதி எது? ஹேமநாத பாகவதர் பாண்டிய நாட்டையே பாட்டில் சவாலுக்கு அழைப்பது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் நாதஸ்வரக்காரனும் நாட்டியக்காரியும் யார் பெரியவர் என்று மோதிக்கொண்டே காதலிக்கிறார்கள். இரண்டையும் எடுத்த ஏ.பி. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பையனாக வளர்ந்தவர். 'சிந்து பைரவி' (1985) படத்தில் பெரிய வித்வானின் கச்சேரி நடுவில் சிந்து எழுந்து தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள், கேட்டதோடு நில்லாமல் பாடியும் காட்டுகிறாள். அது தர்க்கம்தான். சபாவில் ஒரு வள்ளி.

'கரகாட்டக்காரன்' (1989) எங்கள் பக்கத்துப் படம். இயக்கிய கங்கை அமரனும் இசையமைத்த இளையராஜாவும் போடியிலிருந்து அதிகத் தூரமில்லாத பண்ணைப்புரத்துக்காரர்கள். முத்தையாவும் காமாட்சியும் இரண்டு கரகாட்டக் குழு, யார் நன்றாக ஆடுவது என்கிற வீம்பு, அதற்குள் காதல். படம் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியதற்கு வாழைப்பழ நகைச்சுவையைக் காரணம் சொல்லுவார்கள். நான் அந்த வீம்பைச் சொல்லுவேன்.

பண்ணைப்புரம் என்றதும் ஒரு விஷயம். அவர்களுடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தபோது, ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடம் ஓட்டுக் கேட்டுப் பாடப் போனார். பிறகு இளையராஜா ஆன தம்பியும் அந்தப் பிரச்சாரத்தில் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். எதிர்க்கட்சி மேடையில் சொன்னதற்கு மறுநாள் பாட்டில் பதில் சொல்லுவாராம் பாவலர், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஜனங்களுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அதே காதுகள் திருவிழாவில் நாரதர் வள்ளி தர்க்கம் கேட்டுப் பழகியவை.

'ஹாமில்டன்' பார்த்தபோது (அந்த டில்லிப் பையன் விடவில்லை) எனக்கு மயிர்க்கூச்செறிந்தது ஒரே இடத்தில். அமைச்சரவையில் நிதிக் கொள்கை பற்றி ஹாமில்டனும் ஜெஃபர்சனும் ராப்பில் வெட்டிக்கொள்ளும் காட்சி. மாநிலங்களின் கடனை மைய அரசு ஏற்கலாமா என்பது விஷயம், உலகத்திலேயே வறண்ட விஷயம். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அடடா, ஆர்மோனியம் இல்லாத குறைதான், என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நாடகத்தில் எனக்கு உறுத்தும் இடத்தைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாக இருக்காது. அவள் கடைசியில் எப்படிச் சம்மதிக்கிறாள்? கிழவனுக்குப் பேச்சு பலிக்கவில்லை. அண்ணனைக் கூப்பிடுகிறார். பிள்ளையார் யானையாக வருகிறார். வள்ளி பயந்துபோய்க் கிழவனைக் கட்டிக்கொண்டு, காப்பாற்றினால் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறாள். நான்கு மணி நேரம் வாயில் தோற்காதவள் ஒரு நிமிடத்தில் பயத்தில் தோற்கிறாள். அவள் மனசில் ஏற்கெனவே முருகன்தான், வேஷம் தெரியாததால் மறுத்தாள், ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்பது கதையின் சமாதானம். முருகனுக்காக முருகனையே விரட்டினாள் என்பது அழகான நெசவுதான். ஆனாலும் மிரட்டி வாங்கிய சம்மதம் மிரட்டி வாங்கியதுதான்.

இசை நாடகங்களில் இது பொதுவான வியாதி. 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' (1954) படத்தில் அண்ணன் தம்பிகள் பெண்களைக் கடத்திக்கொண்டே போகிறார்கள், நாம் தாளம் போடுகிறோம். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் எலைசா பேராசிரியரை விட்டுப் போகிறாள். அதே கதையை 'மை ஃபேர் லேடி' (1956) ஆக்கியபோது திரும்பி வந்துவிடுகிறாள், செருப்பு எங்கே என்று கேட்கும் ஆளிடம். பாட்டு கேட்டு இளகிய மனசு எந்த முடிவையும் வாங்கிக்கொள்ளும் என்பது இசை நாடகம் எழுதுபவர்களுக்குத் தெரியும். நாம் இந்த வடிவத்தை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம், பெருமைப்படத் தகுந்த காரணம் இல்லை.

ஸ்பெஷல் நாடகத்தில் இதற்கு ஒரு பரிகாரம், யாரும் திட்டமிடாமல், நடந்துகொண்டிருந்தது. யானை வரும்போது மணி நாலரை ஆகியிருக்கும். பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். நல்ல ஸ்திரீபார்ட்டுகள் அந்தக் காட்சியை ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள், ஒரு சின்னப் பாட்டு, ஒரு கத்தல், முடிந்தது. அவர்கள் தங்கள் குரலையெல்லாம் தர்க்கத்திலேயே செலவழித்திருப்பார்கள். மேலே வேலை இருக்கும் பெண்கள் அதற்குள் எழுந்து சாக்கை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பத்தா எத்தனையோ தடவை 'வள்ளி திருமணம்' பார்த்தவள், திருமணத்தைப் பார்த்தது குறைவு.

சினிமாவால் இதைச் செய்ய முடியவில்லை. 1945-ல் ஏவி.எம். எடுத்த 'ஸ்ரீ வள்ளி' பெரிய வெற்றி. டி.ஆர். மகாலிங்கம் முருகன், ருக்மிணி வள்ளி. ருக்மிணியின் பாட்டு திருப்தியாக இல்லை என்று பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பதிந்து சேர்த்தார்கள். மேடையில் இது நினைத்தே பார்க்க முடியாத காரியம்: வாதாடுகிற வாய் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. படத்தில் யானைக் காட்சிதான் கண்கொள்ளாக் காட்சி, தர்க்கம் சுருங்கிவிட்டது. காமிராவுக்கு யானை பிடிக்கும், பேச்சு பிடிக்காது. 1961-ல் மறுபடியும் ஒரு 'ஸ்ரீ வள்ளி', சிவாஜியும் பத்மினியும். அதில் பழைய முருகனான மகாலிங்கம் நாரதராக வந்தார். சோழவந்தான்காரர், மேடையிலிருந்து வந்தவர். அவர் வாயைத் திறந்ததும் படத்துக்குள் நாடகம் கொஞ்ச நேரம் எட்டிப்பார்க்கிறது.

கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த 'வள்ளி திருமணம்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலங்கையில் தொடங்கிய ஜோடி. மைக் இல்லாத காலம், இரண்டு பேருக்குமே கூட்டத்தின் கடைசி ஆள் வரை எட்டும் குரல். 1933-ல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் இறந்துபோனார், சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். அந்தக் காதல் கதை எத்தனையோ தடவை எழுதப்பட்டுவிட்டது, நான் எழுதப்போவதில்லை. எனக்கு ஆசையெல்லாம், வேடனும் வள்ளியுமாக அவர்கள் எதிரெதிரே நின்ற ஒரு ராத்திரியின் தர்க்கத்தை முழுசாகக் கேட்க வேண்டும் என்பது. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். பாட்டு தங்கியிருக்கிறது, பதில் தங்கவில்லை.

இப்போது யூடியூபில் தலைகீழாக நடக்கிறது. தர்க்கம் மட்டும் தனியாக வெட்டிப் போடப்பட்டு நிறையப் பேரால் பார்க்கப்படுகிறது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், பாட்டு உதிர்ந்துபோய் வெறும் பேச்சாக இருக்கிறது, அதிலும் பாதி இரட்டை அர்த்தம். ராகத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தவரை சொல்லுக்கு ஒரு வேலி இருந்தது. தாளம் முடிவதற்குள் யோசிக்கணும், யோசித்தது அந்த ராகத்தில் உட்காரணும். வேலி போனதும் எதுவும் சொல்லலாம். நல்ல நடிகைகள் இன்னும் இருக்கிறார்கள். கேவலமான ஒரு கேள்வியை, சுருதியைக் கூட்டச் சொல்லி ஆர்மோனியத்தைப் பார்த்துக் கண் காட்டிவிட்டு, ஒரு விருத்தத்தில் கழுவித் துடைத்துவிட்ட ஒரு வள்ளியைப் போன வருடம் ஒரு காணொளியில் பார்த்தேன். எழுந்து நின்று கேட்டேன், வீட்டில் தனியாக.

எனக்கு இதில் ஒரு குற்ற உணர்ச்சியும் உண்டு. இன்ஜினியரிங் முடித்து முதல் சம்பளம் வாங்கிய வருடம், அந்தத் தோட்டத்துத் திருவிழாக் கூட்டத்தில் நாடகமா, ஆர்கெஸ்ட்ராவா என்று பேச்சு வந்தது. நாங்கள் இளவட்டம். 'எவன் விடிய விடிய ஒக்காந்து கேப்பான், ஆர்கெஸ்ட்ரா வைங்க' என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆர்கெஸ்ட்ரா நன்றாகவே இருந்தது. ராஜா பாட்டாகப் பாடினார்கள், ஆடினோம். பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது. அப்பத்தா திரும்பி வரும்போது ஒன்றும் சொல்லவில்லை. லைன் வீட்டு வாசலில் கம்பளியை மடித்துக்கொண்டே, "நல்லாத்தான் பாடுனாய்ங்க. ஆனா யாரும் யாருக்கும் பதில் சொல்லலியே" என்றாள்.

இந்த வருடம் கமிட்டிக்காரர் போன் செய்தார். வரி கேட்டுத்தான். நாடகம் வைத்தால் என் பங்கைக் கூட்டித் தருகிறேன் என்றேன். "வைக்கலாம் தம்பி. ஆனா போலீஸ் பெர்மிஷன், சவுண்ட் எல்லாம் பாக்கணும்ல. மூணு மணி நேரத்துல முடிக்கிற மாதிரி ஒரு செட்டு இருக்காம். கல்யாணத்தக் கட்டாயம் காமிச்சிருவாய்ங்க" என்றார். தர்க்கம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.